அன்னார் நான் அல்லேன்

பாளையங்கோட்டையில் நீர்வழி நிலப் பதிவுகள் கோட்ட அலுவலகம் என்று ஒன்று உண்டு. அதில் கண்காணிப்பாளர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஏழு மேசை, ஏழு மின்விசிறி, ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு மனசாட்சி. அதுவும் பெரும்பாலும் ஈட்டிய விடுப்பில் இருக்கும்.

'ஆ' பிரிவுக் கண்காணிப்பாளர் பூதலிங்கம் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நல்லது செய்து மாட்டிக்கொண்டதும் கிடையாது. ஒரு கோப்பில் கருத்துச் சொல்ல வேண்டி வந்தால் 'மேலான பார்வைக்கு' என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். மேலே இருப்பவர் 'பேசவும்' என்று எழுதிக் கீழே அனுப்புவார். இவர் பேசமாட்டார். கோப்பு நாளடைவில் தானே அடங்கிவிடும். முப்பத்தோரு ஆண்டுப் பணியில் அவர்மீது ஒரு குறிப்பாணைகூட வந்ததில்லை.

அப்படிப்பட்டவருடைய வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முகநூல் நுழைந்தது.

எழுதியவள் 'ஈ' பிரிவு இளநிலை உதவியாளர் பிருந்தா. எட்டு மாதங்களுக்கு முன் அலுவலகப் பதிவறையில், ஏழு கண்காணிப்பாளர்களில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் தகாத முறையில் நடந்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். மறுநாளே உள்ளகப் புகார்க் குழுவில் எழுதிக் கொடுத்தேன். 'சாட்சியம் இல்லாமையால் நிலுவை' என்று எட்டு மாதமாக ஒரே பதில் வருகிறது என்று எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி: "அவர் பெயரை இங்கே எழுதவில்லை. விசாரணை முடியாத ஒருவரின் பெயரைப் பொதுவில் போடுவது முறைதானா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை."

அந்தக் கடைசி வரிகள்தான் வினையாகின. பிருந்தா நாகரிகமாக நடந்துகொண்டாள். அந்த நாகரிகத்தின் பலன் ஏழு பேருக்கும் சரிசமமாகப் பங்கிட்டு வழங்கப்பட்டது.

பூதலிங்கத்தின் மனைவி பிரம்மநாயகி பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. காபித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏழுல ஒருத்தர்னு போட்டிருக்கு. அப்படிப் பாத்தா உங்க மேல ஏழுல ஒரு பங்கு சந்தேகம் வருது. மீதி ஆறு பங்கு உங்கள நம்புதேன்."

பூதலிங்கம் தம்ளரைத் தள்ளி வைத்தார். "இருபத்தொம்பது வருசமா என்கூட இருக்கியே, அதுக்கு ஒண்ணும் கழிவு கிடையாதா?"

"அதைக் கழிச்சுத்தான் சொல்லுதேன்."

மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தால் மற்றக் கண்காணிப்பாளர்கள் வீட்டிலும் அவரவருக்குத் தக்கபடி நடந்திருந்தது. உவரிக்காரர் பர்னபாஸின் மகள் ஜாய்சிக்கு மணப்பாட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அந்த வீட்டார் 'கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காயல்பட்டினத்து சல்மான் ஃபாரிஸுக்குத் துபாயிலிருந்து மூன்று மச்சான்மார் வரிசையாக அழைத்து, நலம் விசாரித்துவிட்டு, வேறு எதையும் விசாரிக்காமல் வைத்துவிட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஏழாமவரின் பெயரை நாமும் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். அலுவலக மரபையொட்டி அவரை அன்னார் என்றே குறிப்போம். அன்னார் கண்காணிப்பாளர் சங்கத்தின் செயலாளர். அன்றைக்கு அலுவலகத்தில் கலக்கமில்லாமல் சாப்பிட்ட ஒரே கண்காணிப்பாளரும் அவர்தான். சாப்பாடு முடிந்ததும் ஆறு பேரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"யாரு பேரும் வெளிய வரக் கூடாது வே. ஒரு மனுசன் பேரைத் தெருவுல போடுதது அறமா? நம்மள்ல ஒருத்தர் மேல வந்தா ஏழு பேர் மேலயும் வந்த மாதிரி."

"அதான் ஏழு பேர் மேலயும் வந்துட்டே வே" என்றார் பர்னபாஸ்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் அந்த ஒருவர் என்பது ஆறு பேருக்கும் தெரியும். சம்பவம் நடந்தது தணிக்கை நாள். மாலை மூன்றே முக்காலுக்கு ஆறு பேரும் பதிவறைக்கு எதிரே தாழ்வாரத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரும்பு அலமாரி சாய்ந்த சத்தம் கேட்டது. கதவு திறந்து பிருந்தா வந்தாள். ஆறு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். ஆறு பேரும் தேநீரைப் பார்த்தார்கள். அவள் போன பிறகு அன்னார் வந்தார். மூக்குக்கண்ணாடி கோணலாக இருந்தது, சட்டை முழுக்கத் தூசி. "எலி" என்றார். ஆறு பேரும் எலியை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு புகார்க் குழு கேட்டபோது, 'தணிக்கைப் பணியில் ஈடுபட்டிருந்தமையால் கவணிக்கவில்லை' என்று ஆறு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு தாளிலும் ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை.

புகார்க் குழுவின் தலைவர் துணை இயக்குநர் விஜயஸ்ரீ. எட்டு மாதம் அசையாத அவருடைய பேனா, முகநூல் பதிவு வந்த மறுநாள் காலை பத்தரை மணிக்குள் பிருந்தாவுக்கு ஒரு குறிப்பாணையை எழுதி முடித்துவிட்டது. நிலுவையில் உள்ள ஒரு பொருள் குறித்துப் பொதுவெளியில் எழுதியது நடத்தை விதிகளுக்கு முரணானது. பெயர் குறிப்பிட்டிருந்தால் அது ஓர் அலுவலரின் மாண்புக்கு ஊறு விளைவித்திருக்கும். குறிப்பிடாததால் ஏழு அலுவலர்களின் மாண்புக்கு ஊறு விளைந்துள்ளது. மேற்படி இரு தவறுகளுக்கும் மூன்று நாட்களுக்குள் விளக்கமளிக்க வேண்டும்.

பிருந்தா அன்றைக்கே விளக்கமளித்தாள். பெயரைச் சொல்வதும் தவறு, சொல்லாததும் தவறு எனில், இரண்டில் எது சிறிய தவறு என்பதைத் தெரிவித்தால் அதைச் செய்யச் சித்தமாக உள்ளேன் என்று பணிந்து எழுதியிருந்தாள். விஜயஸ்ரீ அந்தக் கோப்பில் 'பேசவும்' என்று எழுதினார்.

பூதலிங்கத்துக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை. வீட்டில் அந்த ஏழில் ஒரு பங்கு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு வந்தது. பிரம்மநாயகி சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தால் எழுந்து போனாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூதலிங்கம் 'ஈ' பிரிவில் ஆள் குறைந்த நேரம் பார்த்து பிருந்தாவின் மேசைக்குப் பைய வந்து நின்றார்.

"ஏம்மா, அது நான் இல்லேங்கது உனக்குத் தெரியும்லா. அதை ஒரு வரி எழுதித் தரக் கூடாதா? வீட்டுல காட்டணும்."

பிருந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையை மூடிவிட்டுச் சொன்னாள்.

"தரலாம் சார். ஆனா விண்ணப்பம் வாங்காம எப்படிச் சான்று தருவாங்க?"

பூதலிங்கத்துக்கு நெஞ்சு லேசானது. விண்ணப்பம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சொந்த ஊருக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் அவள் படிவம் தயாரித்துக் கொடுத்தாள். பெயரும் பதவியும் முதல் கலம். சம்பவ நாளன்று மாலை மூன்றே முக்காலுக்கு விண்ணப்பதாரர் இருந்த இடம், உடன் இருந்தவர்கள் என்று அடுத்த இரண்டு. நான்காவது, அச்சமயம் கண்டதும் கேட்டதும். ஐந்தாவது, பதிவறையிலிருந்து வெளியே வந்தவர்கள், வரிசைப்படி.

மூன்று கலங்களைக் கையோடு நிரப்பிவிட்டார். நான்காவதில் 'எலி' என்று எழுதினார். எழுதியதும் உறைத்தது. தாழ்வாரத்தில் நின்றேன் என்றால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் தாழ்வாரத்தில் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் நிற்காத கண்காணிப்பாளர் பதிவறைக்குள் அல்லவா இருந்திருக்க வேண்டும்? எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரம்மநாயகி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். எலியை அடித்தார்.

அடித்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்தப் பெண் தாழ்வாரத்தில் நின்று பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. தேநீரில் ஆடை படிந்திருந்ததும் ஞாபகம் வந்தது. நான்கரை மணிக்கு எழுத ஆரம்பித்தார். முப்பத்தோரு ஆண்டில் முதல்முறையாக, நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதினார். கண்ணாடி கோணியிருந்ததுவரை எழுதி, ஐந்தாவது கலத்தில் இரண்டு பெயர்களையும் வரிசைப்படி போட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டார்.

பிருந்தா நான்காவது கலத்தை இரண்டு தடவை படித்தாள். உள்வரவு முத்திரையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"எட்டு மாசமா இந்த ஒரு தாளைத்தான் சார் தேடிட்டு இருந்தேன்" என்றாள்.

இதற்குப் பூதலிங்கம் பதில் சொல்லப் படிவத்தில் கலம் இல்லை.

'ஆ' பிரிவுக் கண்காணிப்பாளர் திரு. பூதலிங்கம், புகாரில் கண்ட அன்னார் அல்லர் எனச் சான்றளிக்கப்படுகிறது. சான்று எண் ஒன்று. பிரம்மநாயகி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, சைபர் ஆயிட்டு" என்றாள். மறுநாள் காலை இட்லிக்கு இரண்டு சட்னி அரைத்தாள்.

ஒருவர் கையில் சான்று இருந்தால் இல்லாதவர் கதி என்னாகும்? திங்கட்கிழமை காலையிலேயே பர்னபாஸ் விண்ணப்பித்தார். தமக்கு இரண்டாம் எண் வேண்டும் என்று சல்மான் ஃபாரிஸ் அவரோடு சடைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் வாங்கிவிட்டார்கள். ஆறு பேரும் சான்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். மணப்பாட்டு வீட்டார் தேதி குறிக்கலாம் என்றார்கள். ஏழில் ஆறு போனால் மீதி என்ன என்று சொல்ல ஊரில் யாருக்கும் கணக்கு ஆசிரியை தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அன்னாரும் விண்ணப்பித்தார். இரண்டாவது கலத்தில் 'பொதுப்பணி' என்றும், மற்றவற்றில் 'பொருந்தாது' என்றும் எழுதியிருந்தார். பிருந்தா அதை, குறைபாடுகளை நிவர்த்தி செய்து மீள அனுப்புமாறு திருப்பிவிட்டாள்.

"நான் சங்கச் செயலாளர்மா. எனக்கே சான்று இல்லையா?"

"அஞ்சாவது கலத்தை மட்டும் நிரப்புங்க சார். உடனே தாரேன்."

துணை இயக்குநர் அவளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். இது பெயரைப் பொதுவில் சொன்னதற்குச் சமம் என்றார்.

"நான் ஆறு பேர் பேரைத்தான் மேடம் சொன்னேன். ஆறு பேரையும் நல்லவங்கன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றாள் பிருந்தா. சொல்லிவிட்டு, ஆறு விண்ணப்பங்களின் சான்றிட்ட நகல்களையும் சாட்சியமாகச் சேர்த்துக்கொள்ளும்படி மேசைமேல் வைத்தாள். அவை சாட்சியங்கள் அல்ல, விண்ணப்பங்கள்தான் என்று விஜயஸ்ரீ வாதாடிப் பார்த்தார். ஆனால் கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது, உள்வரவு முத்திரையும் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு தாளை இல்லையென்று சொல்ல இந்த நாட்டில் எந்த அலுவலராலும் முடியாது. கோப்பு சென்னைக்குப் போனது. நான்கு மாதத்தில் விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணமாகி, அன்னாருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். அன்று பிருந்தா அலுவலகம் முழுவதற்கும் அல்வா வாங்கிக் கொடுத்தாள். பூதலிங்கம் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஒரு நல்ல காரியத்தில் தமக்கும் பங்குண்டு என்று அவருக்கு மனசுக்குள் சின்னதாக ஒரு பெருமை.

பெருமை வியாழக்கிழமைவரை இருந்தது. அன்றைக்குத்தான் இறுதி ஆணையைத் துறையின் இணையதளத்தில் ஏற்றினார்கள்.

ஆணை பதினோரு பக்கம். புகார் கொடுத்தவரின் பெயர், பதவி, பிரிவு எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தன. சாட்சிகள் ஆறு பேரின் பெயரும், யார் எந்தத் தூணோரம் நின்று என்ன பார்த்தார், பார்த்துவிட்டு எட்டு மாதம் எப்படிப் பேசாமல் இருந்தார் என்பதும் பக்கம் பக்கமாக இருந்தன. எலியும் இருந்தது. குற்றவாளியின் பெயர் மட்டும் இல்லை. பெயரை வெளியிடுவது தனிமனித மாண்புக்கு ஊறு விளைவிக்கும் என்பதால், குற்றம் நிரூபிக்கப்பட்டவர் இனி எல்லா ஆவணங்களிலும் 'அன்னார்' என்றே குறிக்கப்படுவார் என்று அடிக்குறிப்பில் கண்டிருந்தது.

பிருந்தா தன் பெயரைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து வேலையைப் பார்த்தாள்.

ஆணை ஊரெல்லாம் சுற்றியது. வண்ணார்பேட்டையில் பேருந்துக்காக நின்றால், "பாத்துட்டும் பேசாம நின்ன ஆறு பேர்ல நீரும் ஒருத்தராமே வே?" என்று பூதலிங்கத்திடம் கேட்டார்கள். பிரம்மநாயகி பதினோரு பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். இந்தத் தடவை பின்னம் எதுவும் சொல்லவில்லை.

"இதுல முழுசாவே நீங்கதான் இருக்கிய" என்றாள்.

மறுநாள் ஆறு பேரும் கூட்டாக பிருந்தாவின் மேசைக்கு வந்தார்கள். தாங்கள் அந்த ஆறு பேரில் ஒருவர் அல்லர் என்று ஆளுக்கொரு சான்று வேண்டும் என்றார்கள். பூதலிங்கம்தான் பேசினார்.

"நீங்க அங்கனதான சார் நின்னிய" என்றாள் அவள்.

ஆனாலும் விண்ணப்பம் என்று வந்தவர்களை அவள் வெறுங்கையோடு அனுப்பவில்லை. புதிதாக ஒரு படிவம் அடித்தாள். இதில் ஒரே ஒரு கலம்: 'இத்தகைய சம்பவம் தாங்கள் அறிய நடந்தபோது, கேட்காமலே தாங்களாக முன்வந்து சொன்னதுண்டா? ஆம் / இல்லை.' 'ஆம்' என்றால் சான்று உண்டு என்று சொல்லி, நூறு பிரதி எடுத்து, மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த மேசைமேல் அடுக்கி வைத்தாள்.

ஆறு பேரும் ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். பிறகு துணை இயக்குநர் ஆளனுப்பி ஒன்று வாங்கிக்கொண்டார். அப்புறம் கீழ்த்தளத்து அலுவலகத்திலிருந்து வந்தார்கள், எதிர்ச் சாரி வங்கியிலிருந்து வந்தார்கள், இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஒரு கல்லூரியிலிருந்தும் வந்தார்கள். முகநூலில் பிருந்தாவின் பதிவைப் பகிர்ந்து பொங்கிப் பொங்கி எழுதியவர்கள் பலர் நேரிலேயே வந்து, படியேறி, மூச்சு வாங்கி, ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள். நூறும் பத்து நாளில் தீர்ந்துவிட்டன. இன்னொரு நூறு எடுத்தாள்.

நிரப்பித் திரும்பி வந்தது இதுவரை ஒன்றுகூட இல்லை.