மூன்று மாதம் பொறுத்த ரத்தக்காட்டேரி

மைசூரில் உடம்பில் ரத்தம் ஓடிய எவனும் அவருக்குப் பயப்படாமல் நடந்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. விஜயநகரில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்கு எதிரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பிளட் பேங்க்கில் அவர் டெக்னீஷியன். பஸ் ஸ்டாப், இட்லிக்கடை, கல்யாணப் பந்தி, எங்கே ஆள் சிக்கினாலும் "கடைசியா எப்ப ரத்தம் குடுத்தே?" என்பதுதான் அவருடைய குசல விசாரிப்பு. கொடுத்து மூன்று மாதம் ஆகாதவனை மட்டும் பொறுத்து விட்டுவிடுவார். ரத்தக்காட்டேரி என்று தெருவே பேர் வைத்துவிட்டது. சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கும், எனக்குத் தெரியாது.

அவரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இட்லிக்கடைக்காரர் ஓ பாசிட்டிவ். எங்கள் முதலாளி ஏபி. நான் பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத குரூப் என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. நானோ குரூப் பார்க்க விரலில் குத்தியதற்கே மயங்கி விழுந்தவன். நாலு வருஷம் அவருக்கு டிமிக்கி கொடுத்தேன்.

முதலாளியின் மச்சான் துபாயிலிருந்து ஒரு கேம் சிடி கொண்டுவந்தார். செத்துப் பிழைத்த பிரபு ஒருவன், கோரைப்பல்லோடு, தன்னைக் கொன்றவர்களைத் தேடிக்கொண்டு இருட்டு ஊர்களில் அலைகிற கதை. மத்தியானம் டிபன் பாக்ஸோடு வந்த நம்மவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"யாரு குரு இவன்?"

"ரத்தம் குடிச்சு வாழ்றவன் அண்ணா. அது குறைஞ்சா செத்துடுவான்."

"அட, நம்ம டிபார்ட்மென்ட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவர்தான். அதன்பின் நாலு மாதம் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை அந்த மிஷின் அவருக்குத்தான்.

அவர் விளையாடிய மாதிரி உலகத்தில் ஒருத்தரும் விளையாடியிருக்க மாட்டார். கதையில் அங்கங்கே சுவரில் கைதிகளைக் கட்டிப் போட்டிருப்பார்கள். கதாநாயகன் பசியாற அவர்கள்தான் வழி. முதல் கைதியைக் கடித்ததும் அவன் பொத்தென்று விழுந்தான். இவருக்கு முகமே செத்துவிட்டது.

"முழுசா உறிஞ்சிட்டானே. முன்னூத்தம்பது மில்லியோட நிறுத்துறதுக்கு பட்டன் எது?"

"அப்படி ஒண்ணும் இல்ல அண்ணா."

"பல்லு படுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டாவது தடவ வேண்டாமா? எடுத்தப்புறம் ஒரு பிஸ்கட்?"

அதற்குப் பிறகு கட்டிப் போட்டவர்களை அவர் தொடவே இல்லை. "பாப, பாவம், அவங்க சம்மதம் குடுக்கல" என்று விலகிப் போவார். வாளை ஓங்கிக்கொண்டு வருகிறவனிடம் மட்டும் எடுப்பார். அவனும் வெளுத்த முகமாக இருந்தால் "இவனுக்கு ரத்தசோகை" என்று ஓடிவிடுவார். விளைவு, கதாநாயகன் தினம் மூன்று தடவை பட்டினியில் செத்தான். தலைவிதியே என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஆனாலும் விடாமல் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். அதற்குள் முதலாளி அந்த மிஷினை விற்றுவிட்டார். சிடி ஓடியது அது ஒன்றில்தான். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வண்டி வரும். அன்றைக்கு முடித்தால் உண்டு, இல்லையென்றால் நாலு மாதமும் வீண்.

சனிக்கிழமை அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஒன்றே முக்காலுக்குக் கடைசிக் கேள்வி வந்தது. கதாநாயகன் உயிரைக் கொடுத்தால் பாழாய்ப் போன நாடு பிழைக்கும். கொடுக்காவிட்டால் நாடு நாசம், இவன் ராஜா. ஒரு பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. முடிவுப் படத்தைப் பார்க்கும் ஆசையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. சாமராஜநகரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லையாம். பி நெகட்டிவ் கையிருப்பில் இல்லை.

அவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்தார். நாலு வருஷம் துரத்தியவர், அன்றைக்கு என் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

"வர்றியா? பயமா இருந்தா பேடா, வேண்டாம், வேற ஆள் தேடறேன்."

அப்படிக் கேட்டால் மனுஷன் எப்படி மாட்டேன் என்பான்? எதிரே போய்ப் படுத்தேன். ஊசி ஏறும்போது வேண்டாத சாமியில்லை. அவர் பாட்டுக்கு கேம் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"முன்னூத்தம்பது. நிறுத்திட்டேன் பாரு. அந்தப் பயலுக்கு இது தெரியல" என்று ஊசியை எடுத்துவிட்டு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார். சாயங்காலம் அந்தப் பெண் கண் விழித்தாள்.

நாங்கள் சென்டருக்குத் திரும்பியபோது மேஜை காலி. அவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த வெற்று இடத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"எதை அழுத்தியிருப்பீங்க அண்ணா?"

"குடுன்னுதான். ஆனா முழுசா இல்ல. முன்னூத்தம்பது."

அவர் ரிட்டயராகி ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் படுக்கிறேன். ஊசியோடு வருகிற பெண் பேர் கேட்டால், பி நெகட்டிவ் என்றுதான் வாயில் வருகிறது. அப்படி என்னைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.