ஸ்டூலுக்கு நாலாவது கால்

விளக்கக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஓவியம் படிக்கப் போவார்கள். போகும்போது கையில் தூரிகை இருக்கும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் தூரிகை காய்ந்து கிடக்கும், வாய் மட்டும் ஈரமாக இருக்கும்.

அப்படி ஒருவனைத்தான் தையற்காரம்மா பெற்று வைத்திருந்தாள். தன் பிள்ளைக்குப் போன இடத்தில் வேறு பேர் விழுந்திருக்கிறது என்பது, ஒருநாள் காஜா எடுத்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. எடுத்தவன் அறைத்தோழன். அவனும் நம் பாஷைக்காரன்தான்.

"விளக்கம் குளிக்கிறாம்மா. வந்ததும் பேசச் சொல்றேன்."

"விளக்கமா? அது யாருப்பா?"

"உங்க புள்ளதாம்மா. நேத்து ரூம் பெருக்கறது அவன் முறை. ஏன்டா பெருக்கலைன்னு ஒரு வார்த்தை கேட்டேன். முக்கால் மணி நேரம் சொன்னான். அவன் முடிக்கிறதுக்குள்ள நானே பெருக்கிட்டேன்."

தையற்காரம்மா ஊசியைக் கீழே வைத்தாள். வீட்டில் இருந்தவரை அவன் சமையலறைச் சுவரில் ஒரு காக்கை வரைந்தால் பூனை பதுங்கிப் பதுங்கி வரும். அந்தக் கை எங்கே போயிற்று? முதல் வருஷம் ஆப்பிள் வரைந்து அனுப்பினான். இரண்டாம் வருஷம் முழுக்க வெள்ளையாக ஒரு துணி, அதன் கீழ் அவன் கையெழுத்து. மூன்றாம் வருஷம் கையெழுத்தும் இல்லை.

"ஒண்ணுமே வரையலையேடா?"

"வரையாம இருக்கறதும் ஒரு வரைதல்தாம்மா."

"அப்ப நாளைக்கு எதிர்வீட்டு டீச்சரம்மா சட்டைக்கு வந்து நின்னா, தைக்காம இருக்கறதும் ஒரு தையல்தான்னு சொல்லிடட்டுமா?"

இந்த இனத்தாருக்கு இதெல்லாம் உறைக்காது. கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், கண்ணைச் சுருக்குவார்கள். 'இது என்ன?' என்று நீங்கள் கேட்டால், 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். உங்களுக்குத் தோன்றுவது வயிற்றெரிச்சல். அதைச் சொல்ல முடியுமா?

நாலாம் வருஷம் கடைசிப் பரீட்சை வந்தது. ஆளுக்கொரு வெள்ளை அறை கொடுத்து, அதில் ஒரு படைப்பை வைக்கச் சொன்னார்கள். தேறினால் பட்டம், தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நம் பிள்ளைக்கு வீட்டிலிருந்த ஸ்டூல் நினைவுக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முன் கால் ஒன்று ஒடிந்து, சுவரில் சாய்ந்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டூல். இல்லாத அந்தக் காலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிப் பேராசிரியர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போன் போட்டான்.

"அந்த ஸ்டூலை அனுப்புங்கம்மா. ஒண்ணும் செய்ய வேண்டாம். இருக்கறபடியே அனுப்பினா போதும்."

இங்கேதான் வந்தது வினை. நம் வீடுகளில் 'ஒண்ணும் வேண்டாம், சும்மா வந்தா போதும்' என்று யார் சொன்னாலும் அதை நம்பிக் கையை வீசிக்கொண்டா போகிறோம்? பிள்ளை கூச்சப்பட்டுக் கேட்கிறான் என்றே அம்மா அப்பா இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் அப்பா தச்சர்.

"நான் செஞ்ச ஸ்டூல் நொண்டிக்கிட்டுப் போய் வெளிநாட்டுக்காரன் முன்னால நிக்கணுமா? மானம் போயிடாது?" என்று ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்து, நாலாவது கால் பூட்டி, பச்சை வர்ணம் அடித்தார். அம்மா சும்மா இருப்பாளா? பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்துப் போட்டாள், ஓரத்தில் மடிப்பு வைத்து.

பரீட்சைக்கு முதல் நாள் பெட்டியைப் பிரித்தவன் போனில் அழுதான்.

"அப்பா, நாலு காலும் ஒண்ணு மாதிரியே இருக்கு. எது புதுசு? சொல்லுங்க, அறுத்துடறேன்!"

"கண்டுபிடிக்க முடியலையா?" தச்சருக்கு முகமெல்லாம் பல். "அதுக்குப் பேர்தான்டா வேலை! ரம்பம் பிடிக்கத் தெரியுமா உனக்கு? விரலை அறுத்துக்காம போய்ப் படு."

மறுநாள் அறைத்தோழன் வீடியோவில் கூப்பிட்டு, போனைக் கால்சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நடப்பதைக் காட்டினான். தையற்காரம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால்கள்தான். மூன்று பேராசிரியர்கள், ஆறு முழங்கால்கள். அதில் ஒரு ஜோடிக்கு வாதம் போலிருக்கிறது, உள்ளே வரும்போதே நடுங்கியது. காலையிலிருந்து இருபது அறைகள் நின்றே பார்த்திருக்கிறாள், பாவம். ஸ்டூலைக் கண்டதும் அந்த அம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள். மெத்தையைத் தடவினாள்.

"ஒரு கால் இல்லை என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாயே, விளக்கம் என்ன?"

அறைத்தோழன் குனிந்து அதைத் தையற்காரம்மாவுக்கு நம் பாஷையில் சொன்னான். பிள்ளை வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"அப்பா ரிப்பேர் பண்ணிட்டார்."

அவ்வளவுதான். நாலு வருஷத்தில் அவன் சொன்னதிலேயே சின்ன விளக்கம் அது. உட்கார்ந்திருந்தவள் சிரித்த சிரிப்பில் போன் குலுங்கியது. பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

திருந்தியிருப்பான் என்கிறீர்களா? நீங்கள் வேறு. மறு வாரமே நாலாவது காலைப் பற்றி எண்பது பக்கம் எழுதினான். அவன் மனசுக்குள் யோசித்ததைத்தான் அப்பா கையால் செய்தாராம். தச்சர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மெத்தை?" என்றார். அதற்குத் தனியாக இருபது பக்கம் இருந்தது.

சிரிக்காதீர்கள். போன வாரம் சுவரில் ஆணி கோணலாக இறங்கியபோது, 'படம் கொஞ்சம் சாஞ்சிருந்தாத்தான் அழகு' என்று சொன்னது யார்? ஆணியைப் பிடுங்கி அடித்திருக்கலாமே, ஏன் அடிக்கவில்லை? சொல்ல வேண்டாம், உங்களிடம் விளக்கம் இருக்கும்.

அவன் இப்போது அதே பல்கலைக்கழகத்தில், மூன்றாம் மாடியில், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் எடுக்கிறான்.