பதில் மாஸ்டரின் சிங்கள வகுப்பு

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் நடந்த முதல் சிங்கள எழுத்து வகுப்புக்கு வந்தவர்கள் சரசக்கா, மாரியண்ணன், ராமாயி அத்தை, நான். வராதவர் பெரிய கங்காணி. "சிங்களந்தான் வாயிலயே கெடக்கே, அதக் கையில வேற எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாணவர் எழுதியதைப் படிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த வாத்தியார் உலகத்திலேயே எங்கள் பதில் மாஸ்டர் ஒருவர்தான். ருவான்வெல்லைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் பகலில் ரப்பர் பால் நிறுப்பார். மாலையில், குழந்தைகளைத் தாய்மார் தூக்கிப் போனபின், அவர்களுடைய குட்டிப் பெஞ்சுகளில் எங்களை உட்காரவைப்பார்.

"நான் படிச்சு என்ன ஆகப் போவுது? யாருக்கு எழுதுனீங்களோ அவன் பதில் சொல்லணும். பதில் வந்தா பாஸ். வராட்டி பெயில்."

பள்ளிக்கூடத்தில் போல் பசுவைப் பற்றிப் பத்து வசனம் எழுதவா என்று கேட்டேன்.

"பசு பதில் போடுமா தம்பி?"

எழுத்து கைக்கு வந்ததும் பரீட்சை வைத்தார். மாலை பஸ் எங்கள் சந்தியில் நிற்காது. அடுத்த தரிப்பில் இறங்கி இருட்டில் திரும்பி நடக்கவேண்டும். சரசக்கா, மூச்சிழுப்புக்கார மகனைக் கிளினிக்குக் காட்டிவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படித்தான் வருவாள். டிரைவருக்கு எல்லோரும் மனு எழுதினோம். கொண்டக்டர் அதில் வெற்றிலை மடித்தான்.

"எல்லாரும் பெயில்!" என்றார் மாஸ்டர். "டிரைவர் எதப் படிப்பான்? ரோட்டப் படிப்பான். அங்க எழுதுங்க."

பிள்ளைக்காம்பராக் கதவைக் கழற்றினார். தலையில் சுமந்துபோய் ரோட்டு வளைவில் சாய்த்தார். ஒரு நாளைக்கு ஒருவர், சோக்கட்டியால் ஒரே ஒரு சிங்கள வசனம்.

"இங்கேயும் மனிதர் இருக்கிறார்கள்" என்று மாரியண்ணன் எழுதினார். பஸ் பறந்தது.

"உங்கள் ஹோர்ன் சத்தத்தில் எங்கள் கோழி முட்டையிடுவதில்லை" என்று ராமாயி அத்தை எழுதினாள். ஜன்னலெல்லாம் சிரித்தது. பஸ் நிற்கவில்லை.

அடுத்தது சரசக்கா. "நேற்று என் மகன் உங்களுக்கு டாட்டா காட்டினான். நீங்கள் காட்டவில்லை."

தாண்டிப் போன பஸ் கிரீச்சென்று நின்று, பின்னோக்கி வந்தது. டிரைவர் குதித்து இறங்கினான். "பொய்! நான் கை காட்டினேன்!"

"காட்டியிருந்தா புள்ள ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரான்?" சரசக்காவும் விடாமல் சிங்களத்திலேயே கேட்டாள்.

"நாளையிலயிருந்து நிப்பாட்டியே காட்டுறேன், போதுமா?"

ரப்பர் மரத்துக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் கத்தினார்: "பதில் வந்துருச்சு! சரசு பாஸ்!"

பஸ் சொன்னபடி நின்றது. கதவுதான் மழையில் ஊறி உப்பி, திரும்ப மாட்ட முடியாமல் போனது. அதன் விலையை மாஸ்டரின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார் தோட்டத்துத் துரை. அவர் சம்பளத்தைத் தொடவிடாமல், அவருக்குச் சொல்லாமல், நாங்கள் சேர்ந்து கட்டியது எழுநூற்றைம்பது ரூபாய்.