டாக்டர் சொன்ன ‘நக்கிள் பேட்’

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் நலமா? நான் நலமில்லை, இந்த வீட்டில் அதை ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கும். நீங்கள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். உங்களை ஏமாற்ற இவர்களால் முடியாது.

இரண்டு மாதமாக என் விரல்களின் நடுக்கணுவில் தோல் தடித்து மேடாக இருக்கிறது. வலி இல்லை. வகுப்பில் பக்கத்தில் இருப்பவள், “ஒட்டிக்குமாடி?” என்று கேட்டுவிட்டு நடுவில் பையை வைத்துக்கொண்டாள். நேற்று டாக்டரிடம் போனோம். விரலைப் பார்த்தவர், எடை பார்த்து வா என்று என்னை வெளியே அனுப்பினார். விரலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். “நக்கிள் பேட். ரொம்ப அபூர்வம். ஒண்ணும் செய்யத் தேவையில்ல” என்றார். பேட் என்றால் கெட்டது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றால், செய்து பயனில்லை என்றுதானே அர்த்தம்? அதற்குப் பிறகு நடப்பதைக் கேளுங்கள். அம்மா என்னைப் பாத்திரம் தேய்க்கக் கூப்பிடவில்லை. கணக்கில் பதினெட்டு வாங்கியதற்கு அப்பா, “பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்கிறார். எங்க அப்பா அப்படிப் பேசுற ஆளா சித்தி? அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்.

விரலை எடுத்துவிடுவார்களா, இல்லை நானே போய்விடுவேனா என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக்கே புறப்பட்டு வாருங்கள். என் வண்ணப் பென்சில்கள் அக்காவுக்கு. சிவப்பு மட்டும் உங்களுக்கு. மனதில் வைத்துக்கொண்டு போக விரும்பவில்லை: உங்கள் பச்சைக் குடையை உடைத்தது காற்று இல்லை, நான்தான்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். இருக்கும்வரை உங்கள் அன்பு மகள்.

பின்குறிப்பு: பயத்தில் பத்து விரலையும் நெட்டி முறித்தேன். அந்தச் சத்தத்தில் அக்கா விழித்து, கடிதத்தைப் பிடுங்கிப் படித்து, தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். “கெட்டது இல்லடி, மெத்தை. நக்கிள்னா விரல் கணு, பேடுன்னா மெத்தை. நீ ராப்பகலா நெட்டி முறிக்கிற கொடுமை தாங்காம விரலே மெத்தை போட்டுக்கிச்சு. திட்டுனாலோ வேல ஏவுனாலோ இன்னும் முறிப்பான்னு டாக்டர் சொன்னதாலதான் வாய மூடிக்கிட்டு இருக்காங்க.” ஆகவே நீங்கள் வர வேண்டாம். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம். பாத்திரம் அப்படியே இருக்கட்டும். சிவப்புப் பென்சில் எனக்கே தேவைப்படுகிறது. குடையை நன்றாக யோசித்துப் பார்த்தேன், காற்றுதான்.