கூரை தொய்ந்த பெட்டி

1991 செப்டம்பர் 14, சனிக்கிழமை. யார்க்‌ஷயரில் ஆக்கன்ஷா நகரத்துப் புனித மார்க் தேவாலயக் கூடத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையில், ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருபது பென்ஸுக்கு விற்றது. வாங்கியவர் நார்மன் ஓல்ட்ராய்ட். வயது ஐம்பத்தாறு. வீடு வீடாகப் போய் காஸ் மீட்டர் பார்த்து எழுதும் வேலை.

படத்தில் ஒரு ரயில் பெட்டி இருந்தது. நல்ல மங்கல். பின்பக்கம் ஊதா மையில் ‘ஜூன் 62’ என்று ஒரு முத்திரை. வேறு எழுத்தே இல்லை.

செவ்வாய்க்கிழமை, நிஜ ரயில்களைப் பார்த்துச் சின்னதாகச் செய்து ஓட்டுகிறவர்களின் மாதிரி ரயில் சங்கம் கூடியபோது, நார்மன் அதை மேஜைமேல் வைத்தார்.

“என்ன சாமான் இது?” என்றார் கிளைவ். சங்கத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் பதில் சொல்லும் ஆள் அவர்.

“துறைப் பெட்டி மாதிரி இருக்கு. என்ன வேலைக்குன்னுதான் தெரியல.”

பயணிகளைச் சுமந்து கிழடாகிப்போன பெட்டியை ரயில்வே உடனே உடைத்துப் போடுவதில்லை. ஜன்னலை அடைத்து, உள்ளே தொட்டியோ கருவியோ ஏற்றி, வேறு நிறம் அடித்து, தண்டவாள வேலைக்கோ சோதனைக்கோ அனுப்பிவிடும். அதற்குத்தான் துறைப் பெட்டி என்று பெயர். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. மாதிரி ரயில்காரர்களுக்கு அவற்றின்மேல் பித்து பிடிப்பது அதனால்தான்.

இந்தப் பெட்டியோ அந்த வகையிலும் சேராத ஒன்று. எட்டு ஜன்னல்களில் ஐந்தை அடைத்திருந்தார்கள். அடைத்த தகடுகள் ஒன்றுகூட நேராக இல்லை. கூரை நடுவில் தொய்ந்திருந்தது. அதன் ஒரு முனையில் வெள்ளையாக ஏதோ உருண்டை. அடியில் வளைந்த கம்பி ஒன்று தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி தொங்கியது.

“அந்த உருண்டை என்னய்யா?”

“அதைத்தான் நானும் உன்னைக் கேக்கறேன்.”

கிளைவ் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

சங்கத்தின் பெரிய தண்டவாளம் முப்பதடி நீளம். அதில் எப்போதும் 1962-ஆம் வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வண்டி அதில் ஓட வேண்டுமென்றால் மூன்று தகவல் வேண்டும்: அப்படி ஒரு வண்டி இருந்ததற்குப் புகைப்படம், அது ஓடிய காலம், அது செய்த வேலை. விதியை எழுதியவர் தலைவர் ஹெட்லி ஸ்டாக்ஸ். பாங்கில் கடன் பிரிவில் இருப்பவர். எட்டு வருடத்தில் நார்மன் ஐந்து பெட்டிகள் செய்து கொண்டுவந்தார். ஐந்தும் திரும்பிப் போயின. ஒன்றின் கூரையில் காற்றுப்போக்கி ஒன்று கூடுதல். இன்னொன்றின் சிவப்பு ஆறு வருடம் பழைய சிவப்பு. எனவே ஒவ்வொரு நவம்பர் கண்காட்சியிலும் நார்மன் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கையில் முத்திரை குத்தினார். தண்டவாளத்துக்குப் பின்னால், தன் வண்டி ஓடுவதைப் பார்த்தபடி, ஒரே ஒருநாள் நிற்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஹெட்லி பூதக்கண்ணாடியோடு படத்தின்மேல் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

“இதை நான் பாத்திருக்கேன்,” என்றார்.

“எங்க பாத்தீங்க, சேர்மன்?”

“அதுதான் வர மாட்டேங்குது. ஆனா பாத்திருக்கேன். இந்தக் கூரையை மறக்க முடியாது.”

“அப்ப என்ன வேலைக்குன்னு...”

“அதை நீங்க கண்டுபிடிங்க, நார்மன். புகைப்படம் இருக்கு, வருஷம் இருக்கு. வேலை தெரிஞ்சா நவம்பர்ல ஓட்டலாம். தெரியாட்டா வாசல்.”

வீட்டுக்குப் போகும்போது கிளைவுக்கு விடை கிடைத்துவிட்டது. “சுரங்கப்பாதை அளக்கிற வண்டிய்யா அது! அந்தக் கம்பி சுவரைத் தொட்டுப் பாக்கறதுக்கு. சுத்தி இன்னும் நாப்பது கம்பி இருந்திருக்கும், படத்துல விழல.”

நார்மன் ஒரு பிளாஸ்டிக் பயணிகள் பெட்டி வாங்கினார். ஐந்து ஜன்னல்களை அடைத்தார். நாற்பது துளை போட்டு நாற்பது கம்பி சொருகினார். பெட்டி முள்ளம்பன்றி மாதிரி நின்றது.

“படத்துல ஒரு கம்பிதான் இருக்கு,” என்றார் ஹெட்லி.

முப்பத்தொன்பது கம்பிகளைப் பிடுங்கினார். முப்பத்தொன்பது ஓட்டைகள் இருந்தன. மக்குப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, நிறம் அடித்தார். அடித்தபிறகு பெட்டி அம்மை போட்டுத் தேறிய முகம்போல் இருந்தது.

சரி, ஊர் உலகத்தையே கேட்டுவிடலாம் என்று மாதிரி ரயில் பத்திரிகை ஒன்றின் வாசகர் பகுதிக்குப் படத்தின் பிரதியை அனுப்பினார். ‘இந்தப் பெட்டி என்ன வேலை செய்தது? தெரிந்தவர்கள் எழுதவும்.’

பத்தொன்பது கடிதங்கள் வந்தன. தெரியாது என்று ஒருவரும் எழுதவில்லை.

களைக்கொல்லி தெளிக்கும் வண்டி என்று நான்கு பேர். சுரங்கத் தொழிலாளருக்குச் சம்பளப் பணம் கொண்டுபோன வண்டி என்று டெவனிலிருந்து ஒரு பாதிரியார். அந்தப் பெட்டியில் தாம் இரண்டு வருடம் படுத்துத் தூங்கியதாகவும், வெள்ளை உருண்டை புறாக் கூண்டு என்றும் ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர். அது ராணுவ ரகசியம், இதற்குமேல் கேட்க வேண்டாம் என்று முகவரி இல்லாத ஒருவர்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நிறத்துக்கும் பஞ்சமில்லை. களைக்கொல்லிக்காரர்கள் பச்சை என்றார்கள். பாதிரியார் கறுப்பு என்றார். போர்மேன் சிவப்பு என்று சத்தியம் செய்தார். நார்மன் எதையும் விட்டுவிட மனமில்லாமல் ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்தார். படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கறுப்பு வெள்ளையில் எல்லாமே பொருந்துவதுபோல்தான் இருந்தது.

சமையலறை மேஜை மூன்று வாரமாக அவர் வசம். அவர் மனைவி பெரில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார்.

“இந்த வாரம் என்ன கலர், நார்மன்?”

“பச்சை.”

“போன வாரமும் பச்சைதானே?”

“அது வேற பச்சை.”

“ஏன்தான் இப்படி அலையறே? கம்முனு எதையாவது எழுதி வச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே, பெரில். யாரோ ஒருத்தன் காரணத்தோடதானே அந்தக் கம்பியைத் தொங்கவிட்டிருப்பான்? என்ன காரணம்? ராத்திரி படுத்தா அதுதான் ஓடுது.”

“எனக்கும் படுத்தா ஒண்ணு ஓடுது. மேஜை எப்போ காலியாகும்னு.”

நிறத்தின்மேல் நிறம் ஏறி ஏறி, கதவுப் பிடிகள் பருக்களாகிவிட்டன. கடைசியில் எல்லாரையும் சமாதானப்படுத்தும் ஒரு கரும்பழுப்பைக் கலந்து அடித்தார். அது காயவில்லை. வியாழக்கிழமையும் ஒட்டியது. சனிக்கிழமை கண்காட்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓவனைச் சற்றே சூடாக்கி அணைத்து, அந்த வெதுவெதுப்பில் பெட்டியை உள்ளே வைத்தார். பிறகு மீதியிருந்த மீட்டர்களைப் பார்க்கப் போனார்.

பெரில் நாலரைக்கு வந்தார். புட்டிங் செய்வதற்காக, வழக்கம்போல் உள்ளே பார்க்காமல், ஓவனை முழுச்சூட்டுக்குத் திருகினார்.

நார்மன் வாசலிலேயே முகர்ந்துவிட்டார்.

“பெரில்! ஓவன்!”

“ஓவனுக்கு என்ன? ஒரு மாதிரி நாத்தம் வருதேன்னு நானும்...”

பெட்டியைக் கரண்டியால் வெளியே எடுத்தார்கள். கூரை நடுவில் தொய்ந்திருந்தது. அடைத்த தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. நார்மன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அடுப்புக்குள்ள ரயிலை வப்பேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார் பெரில். அவர் குரலும் இறங்கியிருந்தது. “போகட்டும் விடு. வாசல்ல நானும் வந்து உக்காரறேன். ரெண்டு பேருமா முத்திரை குத்தலாம்.”

நார்மன் பெட்டியையே பார்த்தார். பிறகு படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெட்டி, படம், மறுபடி பெட்டி.

“பெரில், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இங்க வா.”

“என்ன?”

“கூரையைப் பாரு.”

பெரில் பார்த்தார். தொய்வு ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது. மூன்றாவது தகடு சாய்ந்த சாய்வுகூட அச்சாக அதே.

“அடேயப்பா,” என்றார்.

“எவ்வளவு அரம் போட்டும் எனக்கு வராத கூரை. சூட்டுல வந்துடுச்சு.” நார்மன் எழுந்துவிட்டார். “அப்படின்னா அந்த நிஜப் பெட்டியும் சூட்டுலதான் வளைஞ்சிருக்கு. தீ! வேணும்னே கொளுத்தியிருக்காங்க, பெரில். எவ்வளவு நேரத்துல எரியுது, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க. ஜன்னலை அடைச்சது புகை வெளிய போகாம இருக்க. வெள்ளை உருண்டை, சூடு அளக்கிற கருவி. கம்பி... கம்பி, தண்ணி வடியறதுக்கு!”

“எல்லாம் பொருந்துதே,” என்றார் பெரில். உண்மையிலேயே பொருந்தியது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவரும் அந்தப் படத்தை ஆர்வத்தோடு பார்த்தார்.

அன்று புட்டிங் கிடையாது. ரொட்டியும் சீஸும் சாப்பிட்டார்கள், மேஜையில் உட்கார்ந்து.

சனிக்கிழமை காலை நார்மன் பெட்டியையும், படத்தையும், தம் கையால் எழுதிய அட்டையையும் தலைவர்முன் வைத்தார். ‘தீச்சோதனைப் பெட்டி, 1962.’

இந்த இரண்டு மாதத்தில் ஹெட்லியின் ஞாபகமும் சும்மா இருக்கவில்லை. செப்டம்பரில் எங்கேயோ பார்த்திருந்தார். அக்டோபரில் அது ஹெக்லி ரயில் யார்டு ஆனது. நவம்பர் பிறந்ததும் அந்த ஞாபகத்தில் மழை பெய்யத் தொடங்கியிருந்தது. கையில் குடை இருந்தது. பக்கத்து இருப்புப்பாதையில் கரி வண்டி ஒன்று நின்றது. அட்டையைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

“தீ,” என்றார் மெதுவாக. “தீஞ்ச வாசனை. ஆமா நார்மன், வாசனை அடிச்சுது! இத்தனை நாள் அந்த ஒண்ணுதான் பிடிபடாம இருந்துது. பெட்டிகிட்ட நிக்கறேன், மூக்குல அந்த வாசனை, மனசு என்னமோ மாதிரி ஆகுது. நேத்து நடந்த மாதிரி இருக்கு.”

“அப்ப சரிதானே, சேர்மன்?”

“வெறும் சரியா? இருபத்தொன்பது வருஷமா யாருக்கும் தெரியாத ஒண்ணை நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. நான் சாட்சி.” பதிவேட்டில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதி, கீழே ‘நேரில் கண்டது’ என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கை குலுக்கினார். பதிவேட்டில் ‘நேரில் கண்டது’ என்று எழுதப்பட்டது அதுவே முதல்முறை.

பத்து மணிக்கு வாசல் திறந்தது. முத்திரையைக் கிளைவ் குத்தினார். நார்மன் தண்டவாளத்துக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். நீராவி எஞ்சின் ஒன்றின் பின்னால் கரும்பழுப்புப் பெட்டி தொய்ந்த கூரையோடு சுற்றிச் சுற்றி வந்தது. வேறு எந்த வண்டியின் முன்னும் அவ்வளவு கூட்டம் இல்லை.

“ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?” என்று கேட்டவர்களுக்கு நார்மன் வாயைத் திறக்குமுன் ஹெட்லி பதில் சொன்னார்.

“கொளுத்திப் பாத்தாங்க. நான் என் கண்ணால பாத்தேன். தகடெல்லாம் எப்படிச் சாஞ்சிருக்கு பாருங்க. எண்ணூறு டிகிரி சூடு.”

பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர் வந்து, அளவுகளைக் குறித்துக்கொண்டு, தங்களுக்கும் ஒன்று செய்யலாமா என்று அனுமதி கேட்டார். படத்துக்கு ஒரு பிரதி கேட்டு நான்கு பேர் முகவரி கொடுத்தார்கள். நார்மனுக்குக் காது வரை சிரிப்பு. பெரில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், “அது எங்க வீட்டுக்காரர்து,” என்றார்.

பதினொன்றரைக்கு டீ வந்தது. கண்காட்சிக்கு டீ போடுவது ஹெட்லியின் மனைவி மேவிஸ். வழக்கமாக அவர் சமையல் கூடத்தை விட்டு வெளியே வருவதில்லை. ரயில் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அன்று, மற்ற வருடங்களில் எத்தனை வண்டி ஓடியும் காணாத கூட்டம் ஒரு வண்டிக்கு ஏன் என்று பார்க்கத் தட்டோடு வந்துவிட்டார்.

“உனக்கு ரெண்டு சர்க்கரைதானே, நார்மன் கண்ணு?”

“ரெண்டுதான் மேவிஸ். நன்றி.”

ஹெட்லி அப்போது பதினைந்து பேருக்கு நடுவில், மழை பெய்ததையும் குடை பிடித்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். மேவிஸ் தட்டை வைத்துவிட்டு, அட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த படத்தைக் கையில் எடுத்தார். பின்பக்கம் திருப்பி முத்திரையைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

“அட, இது நான் சர்ச் விற்பனைக்குக் கொடுத்த கட்டுல இருந்த படமாச்சே!” என்றார் சந்தோஷமாக. “ஹெட்லி, இங்க பாரு. நமக்குக் கல்யாணமான வருஷம், அடுப்புச் சூட்டுல உருகிப் பாழாப்போச்சேன்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தியே, நீ முதமுதல்ல செஞ்ச பொம்மைப் பெட்டி!”

பெட்டி அன்று மாலை ஐந்து மணி வரை ஓடியது.