மூக்கைத் தூக்கும் மேதைகள்

ஆறே வாரத்தில் அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் நாற்பத்தொரு மேதைகள் உருவாகிவிட்டார்கள். அதற்கு முன்பு அங்கே தானாக உருவானவை தண்ணீர்த் தொட்டிப் பாசியும் கொசுவும்தான்.

எல்லாம் கைப்பேசித் திரையில் தோன்றிய மாஸ்டரின் கைங்கரியம். வெள்ளைக் கோட்டு. முதுகுக்குப் பின்னால் பெரிய புத்தக அலமாரி. துணியில் அச்சடித்தது, மின்விசிறி சுற்றினால் எல்லாப் புத்தகங்களும் ஒன்றாக ஆடும். ‘அகவிழி மேதைகள் பயிலகம்’ என்று கடைக்குப் பெயர். “உங்கள் பிள்ளை சாதாரணப் பிள்ளை இல்லை” என்பது அவர் கண்டுபிடிப்பு. பெற்றோர் நூற்றுக்கு நூறு பேர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்ட கண்டுபிடிப்பு உலகத்திலேயே அது ஒன்றுதான்.

பாடத்திட்டம் எளிது. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அட்டையில் இருப்பதைப் படித்தால் முதல் நிலை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்தால் இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையில் நாளைய பரீட்சைத் தாள் இன்றைக்கே தெரிந்துவிடும். அங்கே இன்னும் எந்தப் பிள்ளையும் போய்ச் சேரவில்லை. கட்டணம் மட்டும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த மேதைகளில் ஒருத்திக்கு அத்தையாக இருக்கும் பாக்கியம் வெல்டரம்மாவுக்குக் கிடைத்திருந்தது. டேங்கர் லாரிகளுக்கு ஒட்டுப்போடும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் நெருப்போடு மல்லுக்கட்டியவள். முழங்கை வரைக்கும் பொறி பட்ட தழும்பு. அவளுடைய தம்பி பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். தம்பி பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு பேரும் முதுகு ஒடிய உழைத்து வளர்த்த ஒரே மகள், ஒன்பது வயது.

ஒரு சாயங்காலம் வெல்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், பட்டறை வாசலில் அந்தக் குழந்தை புத்தகப் பையோடு நிற்கிறது.

“அடியே, நீ எப்படிடீ இங்க வந்த?”

“பஸ் மாறி ஏறிட்டேன் அத்தை.”

“நம்பர் பாக்கலையா?”

“பாத்தேன். எட்டுன்னு நெனச்சேன். கண்டக்டர் மூணுங்கறாரு. எதிர் ஸ்டாப்புல எறக்கிவிட்டுட்டாரு.”

“உன் கண்ணாடி எங்க?”

“அப்பா பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. கண்ணாடி போட்டா அகவிழி சோம்பேறியாயிடுமாம்.”

வாசலுக்கு வெளியே லாரிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பறந்தன.

“இந்த ரோட்டை எப்படிடீ தாண்டின?”

“சத்தத்தை வெச்சு” என்றது குழந்தை.

சுவரைத் துளைத்துப் பார்க்கப்போகிற மேதைக்கு எதிரே வரும் லாரி தெரியவில்லை. வெல்டரம்மா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

“டேய், கண்ணாடிய எடு!”

“அக்கா, கத்தாத. நீ ஒருதடவை கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசு” என்றான் தம்பி. மகளை உட்காரவைத்தான். பயிலகம் அனுப்பிய ஊதாத் துணியால் கண்ணை இறுக்கிக் கட்டினான். மடியில் ஓர் அட்டையை வைத்தான். குழந்தை மூக்கை மெல்லத் தூக்கியது. “பச்சை… ஆறு… ஓரத்துல ஆமை.”

அட்டையில் பச்சை நிற எண் ஆறுதான். ஓரத்தில் ஆமைதான். தம்பி பொண்டாட்டி கைதட்டினாள். “எப்படி அண்ணி? சிலிர்க்கல?”

வெல்டரம்மாவுக்குச் சிலிர்க்கவில்லை, சிரிப்பு வந்தது. பட்டறைக்குப் புதிதாக வருகிற பயல்கள் எல்லாரும் இப்படித்தான் மூக்கைத் தூக்குவார்கள். முகமூடியின் கறுப்புக் கண்ணாடிக்குள் வெல்டிங் குச்சியின் முனை தெரியாது. அதனால் முகமூடிக்கு அடியில் கிடைக்கிற சந்து வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். அவர்களைத் தட்டித் தட்டி முகவாயை இறக்குவதே அவளுக்குப் பாதி வேலை.

“அட்டையைக் கொஞ்சம் தலைக்கு மேல தூக்கிக் காட்டு பாப்போம்.”

“அதெல்லாம் கூடாது. மடிதான் சக்தி மையம்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு.”

“சக்தி மையம் கழுத்துக்கு மேல ஏறவே ஏறாதாடா?”

“இதுக்குப் பேருதான் சந்தேகக் கதிர்” என்றான் தம்பி, மனைவியைப் பார்த்து. “சந்தேகப்படறவங்க உடம்புலேருந்து வருமாம். புள்ளைங்க மூளையை அப்படியே கருக்கிடுமாம். அக்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. பொதுக்கூடத்துல நேரடி நிகழ்ச்சி. படிச்சு முடிச்சதும் எல்லார் முன்னாடியும் கண்ணாடிய சுத்தியால உடைக்கறோம். அப்புறம் அவளுக்கு ஆயுசுக்கும் கண்ணாடியே வேணாம்.”

வெல்டரம்மா சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். குழந்தை பின்னாலேயே வந்தது.

“மூக்கோரமாத் தெரியுது அத்தை” என்றது ரகசியமாக. “மொத நாளே அப்பாகிட்ட சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவரு அழுதுட்டாரு. சந்தோஷத்துல. எம் பொண்ணு பெட்டி தூக்க வேணாம்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“மத்த பசங்க?”

“எல்லாருக்கும் அப்படித்தான். நாங்க பேசி வெச்சிருக்கோம்.”

நாற்பத்தொரு பிள்ளைகள் கூடிப்பேசிக் காப்பாற்றிய ரகசியம் எண்பத்திரண்டு பெற்றோருக்குத் தெரியவில்லை. அந்தக் குடியிருப்பில் அறிவாளிகள் யார் என்பதில் இனி வாக்குவாதமே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூடத்தில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. சுவரில் பெரிய திரை. நடுவில் மாஸ்டர், சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் வெவ்வேறு ஊர்க் குடும்பங்கள், கட்டத்துக்கு ஒரு மேதை. மேடையில் ஊதாத் துணி கட்டிய குழந்தை. பக்கத்து மேசையில் தட்டு, தட்டில் மூக்குக்கண்ணாடி, அதன் அருகே சுத்தியல்.

வெல்டரம்மா எழுந்தாள். கையில் பட்டறை முகமூடி.

“மாஸ்டர், ஒரு சின்ன சந்தேகம்.”

கூடம் மொத்தமும் அவளிடமிருந்து இரண்டடி நகர்ந்தது, கதிர் பட்டுவிடக்கூடாதே!

“துணிக்குப் பதிலா இதை மாட்டிக்கிட்டுப் படிக்கச் சொல்லலாமா?”

மாஸ்டர் புன்னகைத்தார். “அம்மா, அதில் இரும்பு இருக்கிறது. இரும்பு மூளை அலையைத் தடுக்கும்.”

“சுவத்துக்குள்ள கூட கம்பி இருக்கே மாஸ்டர். அதைத் தாண்டிப் பாக்கலாம்னீங்களே?”

“அது இரண்டாம் நிலை.”

“சரி, மொத நிலையிலேயே நிப்போம். காகிதம் தடுக்குமா?”

“காகிதம் எப்படியம்மா தடுக்கும்? அதில் எழுதியதைத்தானே படிக்கிறார்கள்!”

“அவ்வளவுதான் வேணும்.” அவள் குழந்தையின் பையிலிருந்து ஒரு நோட்டை உருவினாள். முகமூடியைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே படுக்கைவசமாகப் பிடித்தாள். மடியில் அட்டை இருந்தது. “படி கண்ணு. என்ன தெரியுது?”

குழந்தை மூக்கைத் தூக்கியது. இறக்கியது. மறுபடி தூக்கியது.

“கணக்கு நோட்டுன்னு போட்டிருக்கு அத்தை. கீழ என் பேரு.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டரின் புன்னகை ஒரு பக்கமாகக் கோணியது. “சந்தேகக் கதிர்! அந்த அம்மாளை வெளியே அனுப்புங்கள்!”

“நான் போறேன். நோட்டு இருக்கட்டும்” என்று வெல்டரம்மா அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள்.

தம்பிதான் இப்போது நோட்டைப் பிடித்தான். ஐம்பது கிலோப் பெட்டியைத் தனியாளாகத் தூக்குகிறவனுக்கு எண்பது பக்க நோட்டைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டன.

“இப்ப சொல்லு பாப்பா. ஆமையா?”

“தெரியலப்பா.” துணிக்கு அடியிலிருந்து கண்ணீர் இறங்கியது. “எப்பவுமே மூக்கோரமாத்தான் பாத்தேம்பா. நீங்க அழுதீங்களேன்னு சொல்லல.”

திரையில் அசைவு. ஒரு கட்டத்தில் ஒரு தகப்பன் செய்தித்தாளை மடித்து மகனின் முகவாய்க்கு அடியில் நீட்டினான். பக்கத்துக் கட்டத்தில் ஒருத்தி சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள். இன்னொருவன் செருப்புப் பெட்டி மூடியை. கட்டம் கட்டமாக மேதைகள் ஊமையானார்கள். “இருட்டாருக்கும்மா” என்று ஒரு குரல் வந்தது. மாஸ்டர் எல்லார் ஒலியையும் நிறுத்தினார். சத்தமில்லாமல் வாய்கள் மட்டும் அசைந்தன. என்ன வார்த்தைகள் என்று படிக்க அகவிழி தேவைப்படவில்லை. உலகத்தின் உள்கண்ணைத் திறக்க வந்தவர் அடுத்த நொடி தன் கேமராவை மூடிக்கொண்டு ஓடினார்.

தம்பி ஊதாத் துணியை அவிழ்த்தான். கண்ணாடியை எடுத்துச் சட்டை முனையில் துடைத்து மகளுக்கு மாட்டினான். “இனிமே தூங்கறப்பத்தான் கழட்டணும்” என்றான். குழந்தை அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

கூட்டம் வாசலுக்கு வந்து வெல்டரம்மாவைச் சூழ்ந்தது. இஸ்திரிக்காரரின் மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அப்ப எங்க புள்ளைங்க மேதை இல்லையாக்கா?”

“யாரு சொன்னது?” என்றாள் வெல்டரம்மா. “ஆறு வாரமா உங்க அத்தனை பேரையும் ஏமாத்தியிருக்குதுங்க, அறிவு கம்மியா? கண்ணைக் கட்டியும் அதுங்க பாத்துச்சுங்க. நீங்க தொறந்து வெச்சுக்கிட்டே பாக்கல. வகுப்புல யாரைச் சேத்திருக்கணும்னு வீட்டுக்குப் போய் யோசிங்க. யோசிக்கறதுக்கு யாரும் கட்டணம் கேக்க மாட்டாங்க.”