லாத்ரப் கூட்டல் மூன்று

தவறே செய்யாத மனிதர்கள் உலகில் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள், 1959-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜுக்கு வந்து, பேராசிரியர் லாத்ரப்பின் கணிப்பொறிக் கூடத்தைத் தரிசித்திருக்க வேண்டும். 'தவறு' என்ற சொல்லையே அங்கே அவர் தடை செய்திருந்தார். நடந்தவை எல்லாம் 'எதிர்பாராத விளைவுகள்'.

எதிர்பாராத விளைவுக்கென்று புனிதமான சடங்கு ஒன்று இருந்தது. இயந்திரம் நின்றுவிடும். புரோகிராம் எழுதியவர், இயந்திரத்தின் வயிற்றில் அப்போது கிடந்த எண்களையெல்லாம் தாளில் அச்செடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு, மேசைக்குப் போய்க் கண் பூத்துப்போகும்வரை தேடுவார். புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் சூட்டித்தான் எழுதுவார்கள். ஆனால் உள்ளே போகும்போது பெயர்கள் உதிர்ந்துவிடும், எண்கள்தான் மிஞ்சும். எந்த எண் யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. எப்பேர்ப்பட்ட சமத்துவம்! இருந்தும் பழி மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வில்மா க்ரோசியரின் மேசைக்கு வந்துவிடும்.

கடற்படைக்காகக் கப்பலின் பாதையைக் கணக்கிடும் புரோகிராமை வில்மாவும் பேராசிரியரும் பங்குபோட்டு எழுதியிருந்தார்கள். அது அடிக்கடி நின்றது. கடற்படைக்காரர்கள் பார்க்க வரும் நாளிலும் நின்றால் அவளுக்கு வேலை கிடையாது என்று லாத்ரப் மிகுந்த பரிவோடு தெரிவித்துவிட்டார். தன் பகுதியில் கோளாறு இல்லை என்பது வில்மாவுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை. எரிச்சலில் அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. பெயர்களை உதிரவிடாமல் இயந்திரத்துக்குள்ளேயே வைத்திருந்து, அது நின்றால் எங்கே நின்றது என்று அதன் தட்டச்சுப்பொறியையே பெயர் சொல்ல வைத்தால் என்ன?

இதற்கென்று ஆய்வுக்குழு கூடியது.

"மிஸ் க்ரோசியர், இவ்வளவு காசு கொட்டி வாங்கின மெஷினை மனுஷத் தப்பைத் தேட விடறதா?" என்றார் லாத்ரப்.

"தப்பே நடக்கறதில்லன்னு போன கூட்டத்துல சொன்னீங்களே, புரொபசர்?"

"ஆமா. அதனாலதான் அதைத் தேடற கருவி வேண்டாங்கறேன்."

இந்தத் தர்க்கத்தின் ஆழத்தைக் குழு ஒருமனதாக வியந்துவிட்டு டோனட் தின்னக் கலைந்தது.

வில்மா கேட்கவில்லை. தனக்கு ஒதுக்கிய நேரத்திலேயே கருவியை எழுதி முடித்தாள். அடுத்த மேசை டெல்பர்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

"உனக்கு வேலை போகணும்னு ஆசையா?"

"எப்படியும் போகத்தான் போகுது. யாரால போச்சுன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேனே."

அவளுக்கு உதவிய மகான் லாத்ரப்தான். தாம் எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் தம் பெயரையே சூட்டும் வழக்கம் அவருக்கு உண்டு. வரலாறு தேடி வரும்போது வழி தெரியாமல் திண்டாடக் கூடாதல்லவா?

கடற்படை வந்தது. கமாண்டர் ஹாஸ்கெல் திரையின் முன் அமர்ந்தார். கப்பலாகிய ஒளிப்புள்ளி அட்லாண்டிக்கைக் கம்பீரமாகக் கடந்து, பாஸ்டன் துறைமுகத்தையும் கடந்து, கரையேறி, வூஸ்டர் நகரை நோக்கித் தரைமார்க்கமாகப் போனது. பிறகு இயந்திரம் நின்றது.

"எங்க கப்பலுக்குச் சக்கரம் கிடையாதுங்களே, புரொபசர்," என்றார் கமாண்டர்.

"அது மிஸ் க்ரோசியர் எழுதின பகுதி. இனிமே அவங்க இங்க இருக்க மாட்டாங்க."

வில்மா எழுந்து போய்த் தன் கருவியும் பெயர்ப் பட்டியலும் இருந்த துளை நாடாவை இயந்திரத்தில் கொடுத்தாள். தட்டச்சுப்பொறி படபடத்தது. கமாண்டர் குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

"லாத்ரப் கூட்டல் மூணு. அப்படின்னா?"

"லாத்ரப்னு பேர் வெச்ச பகுதியில, மூணு கட்டளை தாண்டி நின்னுருக்கு, சார்."

கழிக்க வேண்டிய இடத்தில் பேராசிரியர் கூட்டியிருந்தார். வில்மா அங்கேயே உட்கார்ந்து அதைத் தட்டித் திருத்தினாள். கப்பல் சமர்த்தாகத் துறைமுகத்தில் வந்து நின்றது. கமாண்டர் கைதட்டினார். ஒரு மாத வேலையைக் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டதே, இந்தக் கருவி யாருடையது என்று கேட்டார். வில்மா வாயைத் திறந்தாள்.

"எங்க கூடத்தோட நெடுநாள் கனவு, கமாண்டர்," என்றார் லாத்ரப்.

இலையுதிர் காலத்தில் அது 'லாத்ரப் முறை' என்ற பெயரில் மாநாடு ஏறியது. ஆதாரமும் அசைக்க முடியாதது: அந்தக் கருவி உலகுக்குச் சொன்ன முதல் சொல்லே அவர் பெயர்தானே! வில்மாவின் வேலை பிழைத்தது. கட்டுரையின் அடியில் 'தட்டச்சு உதவி' என்று அவளுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். கூடத்தின் வாசலில் ஒரு வெண்கலப் பலகை மாட்டினார்கள். அதில் ஒரே ஒரு பெயர்.

டெல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "அழிச்சு எழுதச் சொல்லிச் சண்டை போடு, வில்மா."

வில்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம கருவி ஒருத்தர் பேரைக் காட்டினா என்ன அர்த்தம், டெல்பர்ட்?"

"தப்பு அங்க இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப விடு. சரியாத்தான் எழுதியிருக்காங்க."